நிர்மலா டீச்சரும் நாற்பத்தொன்றாம் பக்கமும்

வாடகைக்குப் புத்தகம் விடும் தொழிலில் புத்தகத்தைப் படிப்பது சுலபம், படித்தவர்கள் வந்து புலம்புவதைக் கேட்பதுதான் கஷ்டம். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட். பின்பக்கம் நாலு அலமாரி நிறைய துப்பறியும் நாவல். பெயர்ப் பலகையில் நாசரேத்திலிருந்து வந்து நோட்டுப் புத்தகம் விற்ற என் அப்பாவின் பெயர் இருக்கிறது. என் பெயர் ஜெயராணி என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் லைப்ரரி அக்கா.

கதாநாயகி தன்னந்தனியாகக் கிடங்குக்குள் நுழையும்போது "போகாதடி மூதேவி!" என்று வாய்விட்டுக் கத்தியிருக்கிறீர்களா? புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நிஜமாகவே ஒருவர் செத்துப்போகிறார். அதில் என் வாய்க்குப் பங்கு உண்டு.

ஏகாம்பரத்தின் பிபி

என் கடையில் அதிகம் கைமாறுவது நிர்மலா டீச்சர் நாவல்கள். அவள் ஒரு கணக்கு டீச்சர். ஊரில் எங்கே பிணம் விழுந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக அங்கே நிற்பாள். மூளை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாயை மூடத்தான் தெரியாது. தடயம் கிடைத்தால் போலீஸுக்குப் போக மாட்டாள். யார் மேல் சந்தேகமோ அவன் வீட்டுக்கே போய், அவன் கொடுக்கிற காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வருவாள். முப்பது நாவலாக இதே கதை. திட்டிக்கொண்டே எல்லாரும் படிக்கிறார்கள், நானும்தான்.

ஏகாம்பரம் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எடுத்துப்போன புத்தகம் திரும்பி வந்தால் முதல் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கொலைகாரன் பெயர் எழுதியிருக்கும். அடுத்து படிக்கிறவர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு நின்றார் மனிதர். "உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை.

"இன்னாம்மா கோச்சிக்கிற? கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிகினு படிச்சாதான் எனக்கு பிபி ஏறாது. அந்த டீச்சரம்மா பண்ற வேலைக்கு... ஸ்டேஷன் எதிர்லயே கீது, ஒரு வார்த்த போய் சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

ஆளுக்கொரு குறி

வாடகை நூலகத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பழக்கம் ஒன்று உண்டு. தலைப்பெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் எது படித்தது, எது படிக்காதது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் படித்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கத்தில் ஆளுக்கொரு குறி வைத்துவிடுவார்கள். அடுத்த முறை எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள், குறி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்கள். ஏகாம்பரம் பன்னிரண்டாம் பக்கத்தில் நங்கூரம் போடுவார். ரேஷன் கடை சாந்தா முப்பதில் பூ வரைவாள். முதலில் கத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது எந்தப் புத்தகத்தை யார் படித்தார்கள் என்று எந்த நோட்டையும் பார்க்காமல் சொல்லிவிடுவேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ரெண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் அது செல்வி. வியாசர்பாடியில் அவள் அம்மா வீட்டுக் கதவு எண் நாற்பத்தொன்று. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள், காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. நாவலை இறால் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போவாள், திரும்பி வரும்போது புத்தகமே கவிச்சி அடிக்கும். ஒருநாள் உதடு வீங்கி வந்தாள். கேட்டதற்கு, கதவு இடித்துக்கொண்டது என்றாள். ஆயிரம் துப்பறியும் நாவல் படித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? "பார்த்துப் போம்மா" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏன் ஒளித்து எடுத்துப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"பொம்பள புக்கு படிச்சா எதுத்துப் பேச வருமாம், அது சொல்லுது. எனக்கு கொலகாரன கண்டுபுடிக்கத்தாங்க்கா வருது."

அது என்றால் அவள் புருஷன். மோகன், காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன்.

பதினேழாம் அத்தியாயம்

போன வருஷம் 'உப்பளத்தில் ஒரு நிழல்' வந்தது. நிர்மலா டீச்சர் நாவல்களிலேயே அதிகம் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது இதுதான். ஒரு பணக்காரன் செத்துவிடுகிறான். கொலையைப் பார்த்த ஒரே ஆள் அந்த வீட்டு வேலைக்காரப் பெண். அவள் உயிருக்குப் பயந்து உப்பளத்துத் தொழிலாளி ஒருவர் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். சரி, கண்டுபிடித்தாயே, வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? பதினேழாம் அத்தியாயத்தில் செத்தவனுடைய தம்பி வந்து கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறான். டீச்சர் உருகிப்போகிறாள். "அழாதீங்க சார், சாட்சி இருக்கா, பத்திரமா இருக்கா" என்கிறாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் உப்புப் பாத்தியில் குப்புறக் கிடக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கத்தினேன். ஆம்பளை கண்ணீர் விட்டால் போதும், படித்த பொம்பளைக்கும் புத்தி பேதலித்துவிடுமா? இவளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? அன்றைக்கு அலமாரிப் பக்கம் செல்வி நின்றிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் விக்டோரியா சிஸ்டர். எர்ணாவூரில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். செல்வி கையிலிருந்த நாவலைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். செல்வி சொன்னதைக் கேட்டு சிஸ்டர் மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தார், பார்வையை எடுக்கவில்லை.

"அழுவுற ஆம்பளய நம்புறவ, ஒரு தபா கூட அடி வாங்காதவளாத்தான் இருப்பாக்கா."

மோகன் கொண்டுவந்த புத்தகம்

அதற்கடுத்த மாதம் செல்வி வருவது நின்றுபோனது. ரெண்டு வாரம் கழித்து மோகன் வந்தான். அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல உயரம், மரியாதையான பேச்சு. செல்வி எடுத்துப்போயிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தான். "இது உங்க கடைதுன்னு சீல் இருந்திச்சுக்கா. அவ போய் பதினஞ்சு நாள் ஆச்சு. வேலைக்குப் போனவ வூட்டுக்குத் திரும்பல" என்றான். சொல்லும்போதே அழுதான். சும்மா சொல்லக் கூடாது, மூக்குச் சிந்தி, தோள் குலுங்க, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் வீட்டுக்காரர் இருந்தவரை என்மேல் கை ஓங்கியவர் இல்லை. ஆண்பிள்ளை அழுதால் அது நிஜம்தான் என்று நினைக்கிற ஆள் நான்.

வாரத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தான். கம்பெனியில் விசாரித்தேன் என்பான், மாமியார் வீட்டில் இல்லை என்பான், கடல் ஓரம் தேடினேன் என்பான். நான் டீ வாங்கிக் கொடுப்பேன். விக்டோரியா சிஸ்டர் ஒருமுறை அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வராமலே திரும்பிப் போனார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். செல்வியின் உதடு வீங்கியது எனக்கு நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. கதவுதானே இடித்தது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

"மூலக்கொத்தளத்துல அநாதப் பொணம் பொதைக்கிற எடம் வரிக்கும் போய் பாத்துட்டேங்க்கா. அவ உசுரோட கீறான்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா போதும், நான் தேடிகினு கூட போமாட்டேன்."

ரெண்டு புள்ளி, ஒரு கோடு

நாலைந்து மாதம் ஓடிப்போனது. புதிதாக ஒரு நிர்மலா டீச்சர் நாவல் வாங்கிப் போட்டேன். முதலில் எடுத்துப்போனவர் விக்டோரியா சிஸ்டர். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தவர் சில மாதமாக ரெண்டு எடுத்துக்கொண்டிருந்தார். கண் நல்லாயிருக்கும்போதே படித்து முடிக்கிறேன் என்று சிரிப்பார். அவர் திருப்பிக் கொடுத்த நாவலை அட்டை போடுவதற்காகப் புரட்டினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ரெண்டு புள்ளி, கீழே ஒரு கோடு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. செல்வி போன பிறகு வாங்கிய புத்தகம், ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போய் வந்திருக்கிறது. செல்வி செத்துப்போகவில்லை! எர்ணாவூரில் சிஸ்டர் வீட்டில் உட்கார்ந்து என் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒளிந்திருக்கிற இடத்திலும் பழக்கதோஷத்தில் குறி வைத்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நானே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். பெருமை பிடிபடவில்லை எனக்கு. அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் வந்ததும் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, "எப்படி?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. வாசலை எட்டிப் பார்த்தார். அவள் முதுகில் இஸ்திரிப் பெட்டி வைத்த தழும்பு இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். கம்பெனி வாசலில் அவளைப் பார்த்து, அன்றைக்கே கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாராம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணையும் பாக்கல ஜெயா. ரப்பர் இருந்தா இத அழிச்சிட்டு, வாயப் பொத்திக்கிட்டு இரி."

மேசை டிராயரில் ரப்பர் இருந்தது. அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் கண்டுபிடித்ததை நானே அழிக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

மாலை போட ஒரு போட்டோ

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு நீங்கள் புத்தகத்தை என்மேல் விட்டெறியலாம், வாங்கிக்கொள்கிறேன்.

புதன்கிழமை மோகன் வந்தான். பர்ஸிலிருந்து செல்வியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து வைத்து, இதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னான். எதற்கு என்றேன். "எங்கம்மா சொல்லுதுக்கா. இத்தினி மாசம் ஆச்சு, இனிமே வரமாட்டா, போட்டோவுக்கு மாலயப் போட்டு வெளக்கேத்திடலாம்னு சொல்லுது" என்று அழுதான். நான் போட்டோவை ஸ்கேனரில் வைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் செல்வி பெரிதாக வந்தாள். இறால் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம், சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் ஓடி அவள் முகம் வெளியே வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போடுவதா? அடுத்த தெருவில் யாராவது அப்படிப் பேசினாலே வாயில் அடித்துக்கொள்கிறவள் நான்.

"மாலை போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் என்று கேட்டான். உள்ளே போய் நாவலை எடுத்து வந்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினேன். குறியின் கதையைச் சொன்னேன். புது நாவல் என்பதைச் சொன்னேன். "ஒருத்தர் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரெண்டு புக்கு எடுத்துட்டுப் போறாங்க, ஒண்ணு இவளுக்கு. யாருன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன்" என்றேன். பெயரைச் சொல்லாமல் இருந்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி! அவன் அந்த ரெண்டு புள்ளியைக் கட்டைவிரலால் தடவினான். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தேன். போட்டோவை மேசைமேலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

"போதும்க்கா. இந்த ஒரு வார்த்த போதும்."

சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மோகன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, போட்டோவைத் தூக்கிக் காட்டி, வந்து வாங்கிக்கொள் என்று கூப்பிட்டேன். அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டினான். பதினொரு மணிக்கு விக்டோரியா சிஸ்டர் வந்தார். ரெண்டு புத்தகம் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். நான் ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எர்ணாவூரில் நடந்ததை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரியும். சிஸ்டர் வீட்டுப் படியேறும்போதே பின்னால் ஜாக்கி ராடோடு அவன் நின்றிருக்கிறான். சிஸ்டர் உள்ளே ஓடவில்லை. கதவை வெளிப்பக்கமாகத் தாழ்போட்டுப் பூட்டி, சாவியை ஜன்னல் வழியாகச் செல்வியிடம் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்துகொண்டு நின்றாராம். அறுபத்தேழு வயது. பக்கத்து வீட்டு ஆண்கள் ஓடி வந்து அவனைப் பிடிப்பதற்குள் மண்டையில் ரெண்டு அடி விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஸ்டேஷனில் சொன்னேன். ஏகாம்பரம் சொன்னது சரிதான், ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது. நடந்து போனால் ஐந்து நிமிஷம்.

கல்லறைத் தோட்டத்தில் ஏகாம்பரம் என் பக்கத்தில் நின்றார். சிஸ்டரும் அவரும் அலமாரி முன்னால் எத்தனையோ நாள் சண்டை போட்டவர்கள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. வேண்டாத இடத்திலெல்லாம் திறந்த வாய் அன்றைக்குத் திறக்க மாட்டேன் என்றது.

"எவளோ ஒருத்தி அவன்கிட்ட சொல்லிக்கீறாம்மா. அந்த டீச்சர் மாரி ஒரு லூசு. யாருன்னு மட்டும் தெரிஞ்சா, அவ மூஞ்சிலயே காறித் துப்புவேன்."

செல்வி திருப்பிக் கொடுத்தது

ஒன்றரை மாதம் கழித்து செல்வி வந்தாள். மோகன் ஜெயிலில் இருக்கிறான். அவள் வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்கே திரும்பியிருந்தாள். மெலிந்திருந்தாள், கை கால் எல்லாம் முழுசாக இருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். சிஸ்டர் அந்தச் சனிக்கிழமை எடுத்துப்போன ரெண்டு புத்தகங்களையும் மேசைமேல் வைத்தாள். மேலே இருந்ததன் அட்டையில் பழுப்பாக ஒரு கறை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

நான் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடும்மா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்க்கா, அது ஸ்டேஷன்ல சொல்லிச்சு" என்றாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் தேவலை. புத்தகங்களை என் பக்கம் நகர்த்தினாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, ரெண்டும் படித்துவிட்டாயா என்று கேட்டேன். எனக்கு வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை. படித்துவிட்டேன் என்றாள். கை பழக்கத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். ரெண்டு புத்தகத்திலும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் என் கையையும் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை.

"நான் புள்ளி வெச்சேன். நீ வாயத் தொறந்த. சிஸ்டரு ஒண்ணுமே பண்ணலியேக்கா."

வேறு புத்தகம் எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் போட்டோ என் மேசை டிராயரில் ரப்பரோடு கிடக்கிறது, மாலை போடாமல்.

இப்போதெல்லாம் என் கடையில் நிர்மலா டீச்சரை யாரும் திட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அவள் வாயால் செத்தவர்கள் எல்லாரும் காகிதத்தில்தானே செத்தார்கள்.